குப்புறப் படுக்கையும் நுரையீரல் படமும்: வாசகர் கேள்விகள்

வென்டிலேட்டர் சிகிச்சையைப் பற்றி இப்பகுதியில் எழுதியபோது, கடுமையான மூச்சுத் திணறலில் இருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கும் வழக்கத்தை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே பல கேள்விகள் வந்துள்ளன. ஒன்றோடொன்று தொடர்புடையவற்றைத் தேர்ந்தெடுத்து இம்முறை பதில் தருகிறேன்.

*கேள்வி: நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் வைக்கப்பட்டிருந்த என் சித்தப்பாவை, ஒவ்வொரு நாளும் மாலையில் குப்புறப் புரட்டி, மறுநாள் காலை வரை அப்படியே வைத்திருந்தார்கள். மூச்சுக்குத் திணறுபவரின் மார்பை மெத்தையில் அழுத்தி வைப்பது எப்படி நன்மை தரும்? பார்க்கவே பயமாக இருந்தது. – வாசகி, திருநெல்வேலி*

பதில்: உங்கள் பயம் இயல்பானதே. ஆனால் நுரையீரலின் பெரும்பகுதி மார்பின் முன்புறத்தில் இல்லை, முதுகுப்புறத்தில்தான் இருக்கிறது. மல்லாந்து படுத்திருக்கும்போது அந்தப் பின்பகுதியின் மீது இதயத்தின் எடையும், அதற்கு மேலிருக்கும் நுரையீரலின் எடையும், உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளும் வயிற்றுறுப்புகளின் அழுத்தமும் சேர்ந்து இறங்குகின்றன. நலமாக இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கடும் நிமோனியா, ரத்தம் முழுவதும் பரவிய நோய்த்தொற்று, கணைய அழற்சி போன்ற காரணங்களால் நுண்ணிய காற்றுப்பைகளுக்குள் நீர் கசிந்து நுரையீரலே கனத்துப்போகும்போது நிலைமை மாறிவிடுகிறது. 1967ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் 12 நோயாளிகளைக் கொண்டு முதன்முதலில் விவரித்த இந்த நிலையைத்தான் மருத்துவமனைகளில் ‘ஏ.ஆர்.டி.எஸ்.’ என்று சொல்கிறார்கள்.

நீரில் ஊறிய பஞ்சு தன் எடையாலேயே அடிப்பகுதியில் நசுங்கிக் கிடப்பதைப் போல, இந்த நுரையீரலும் கீழ்ப்பகுதியில் மூடிக்கொள்கிறது என்று இத்தாலியின் மிலான் நகரில் பணிபுரிந்த மருத்துவர் லூச்சியானோ கத்தினோனி விளக்கினார். அவருடைய குழுவினர் 1980களில் இத்தகைய நோயாளிகளைச் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை, நோய் நுரையீரல் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதாகவே மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் இரு பக்கமும் ஒரேயடியாக வெளுத்துத் தெரிந்ததே அதற்குக் காரணம். ஸ்கேனில் பார்த்தபோதோ முன்புறம் காற்றோட்டத்துடன் கறுப்பாகவும், முதுகுப்புறம் காற்றே இல்லாமல் வெளுப்பாகவும் இருந்தது. கடுமையான பாதிப்பில், காற்று சென்றுவரும் பகுதி ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவே மிஞ்சியிருந்தது. வளர்ந்தவருக்குரிய அளவுக் காற்றை வென்டிலேட்டர் அந்தச் சின்னஞ்சிறு பகுதிக்குள் திணித்தால் அது கிழியும், புண்ணாகும் என்பதும் அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது.

குப்புறத் திருப்பும்போது இதயம் மார்பெலும்பின் மீது சாய்ந்துகொள்கிறது. முதுகுப்புறத்தின் மீதிருந்த சுமை நீங்கி, அங்கே மூடிக்கிடந்த காற்றுப்பைகள் திறக்கின்றன. முன்பகுதி ஓரளவு மூடிக்கொள்வது உண்மைதான். எனினும் பின்பகுதி அகலமானது என்பதால் திறப்பது மூடுவதைவிட அதிகம். ரத்த ஓட்டமோ, எப்படிப் படுத்தாலும் பெருமளவு முதுகுப்புறமாகவே செல்கிறது. ஆகவே ரத்தம் ஏற்கெனவே சென்றுகொண்டிருக்கும் இடத்துக்குக் காற்றும் வந்து சேர்கிறது. நீங்கள் பயந்த அந்த அழுத்தமும் ஒரு வகையில் உதவுகிறது: எளிதில் விரியும் முன்மார்பு மெத்தையில் பதிந்து விறைப்பாவதால், காற்று பின்புறத்தை நோக்கித் திரும்புகிறது.

*கேள்வி: நோயாளியைப் புரட்டுவதற்கு முன் கட்டாயம் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமா? எக்ஸ்ரேயில் தெரியாத எதை அது காட்டுகிறது? – வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: கட்டாயமில்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் ஸ்கேனுக்காகக் காத்திருந்து, புரட்ட வேண்டிய நேரத்தைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

புரட்டலாமா என்பதைத் தீர்மானிக்கும் முதன்மையான அளவு, ரத்தப் பரிசோதனையிலிருந்து கிடைப்பது. தமனி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அழுத்தத்தை, நோயாளி சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை பங்கு என்பதால் வகுக்கிறார்கள். நலமான ஒருவர் 21 சதவீத (அதாவது 0.21 பங்கு) ஆக்சிஜன் கொண்ட சாதாரணக் காற்றைச் சுவாசித்து, ரத்தத்தில் 90 அலகு இருந்தால், அந்த விகிதம் 430ஐ நெருங்கும். 80 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் 72 அலகுதான் இருக்கிறது என்றால் விகிதம் 90. நூறும் அதற்குக் கீழும் போனால் கடுமையான பாதிப்பு என்று ஏ.ஆர்.டி.எஸ். நோய்க்கான 2012ஆம் ஆண்டின் பெர்லின் வரையறை கூறுகிறது. வென்டிலேட்டரின் அமைப்புகளைச் சரிசெய்து, சில மணி நேரம் பார்த்த பிறகும் விகிதம் 150க்குக் கீழேயே நின்றால், குப்புறப் படுக்க வைக்கத் தடை ஏதும் இல்லாதவரை, பெரும்பாலான தீவிர சிகிச்சை மருத்துவர்கள் புரட்டவே முடிவு செய்வார்கள்.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? படுக்கையில் வைத்தே எடுக்கப்படும் எக்ஸ்ரே, முன்னும் பின்னும் உள்ள அனைத்தையும் ஒரே தளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்டிவிடுகிறது. சி.டி. ஸ்கேன் மார்பைக் குறுக்குவெட்டாகக் காட்டுவதோடு, ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் எண்ணாகத் தருகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அந்த அளவையில் நீருக்குச் சுழியமும், காற்றுக்குக் கழித்தல் 1000மும் மதிப்பு. கழித்தல் 900 முதல் கழித்தல் 500 வரை உள்ள பகுதி நன்றாகக் காற்றோட்டம் உள்ளது. கழித்தல் 100க்கு மேல் இருந்தால் அங்கே காற்று ஏறக்குறைய இல்லை. கழித்தல் 900க்கும் கீழே இருந்தால் அது அளவுக்கு மீறி ஊதிப்போன பகுதி. நோய் முதுகுப்புறக் கீழ்ப்பகுதியில் மட்டும் குவிந்திருக்கிறதா, நுரையீரல் முழுவதும் பரவிக் கிடக்கிறதா என்பது இதில் தெளிவாகும். இந்த வேறுபாடு பயனுள்ளது. மூச்சை வெளிவிட்ட பிறகும் காற்றுப்பைகள் மூடிவிடாமல் தாங்கிப்பிடிக்க வென்டிலேட்டர் ஓர் அழுத்தத்தை விட்டுவைக்கிறது. ‘பீப்’ என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். நோய் பின்புறத்தில் குவிந்திருப்பவருக்கு அந்த அழுத்தத்தை மிகுதியாக உயர்த்தினால், மூடிய பின்பகுதி திறப்பதற்கு முன் நலமாக உள்ள முன்பகுதி ஊதிப் புடைத்துவிடும். அத்தகையவருக்கு அழுத்தத்தை மிதமாக வைத்துப் புரட்டுவதே பொருத்தமாக இருக்கும் என்பது படத்தைப் பார்த்து எட்டக்கூடிய முடிவு.

இதற்கு அப்பாலும் ஸ்கேனுக்கு வேலை உண்டு. மார்புக்கூட்டுக்குள் காற்று கசிந்திருப்பது, நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ தேங்கியிருப்பது, நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருப்பது போன்றவை மூச்சுத் திணறலின் உண்மையான காரணமாக இருக்குமானால், அவற்றுக்கான மருத்துவம் வேறு. ஆனால் வென்டிலேட்டர், பல மருந்துக் குழாய்கள், கண்காணிப்புக் கருவிகள் சூழ்ந்த ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய்த் திரும்புவது எளிதன்று. வழியில் குழாய் விலகலாம், ரத்த அழுத்தம் சரியலாம். கிடைக்கப்போகும் விடை சிகிச்சையை மாற்றக்கூடியதா என்று கேட்டுப் பார்த்த பிறகே அழைத்துச் செல்ல வேண்டும்.

*கேள்வி: நான் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் பிரிவில் அல்ட்ராசவுண்ட் கருவி மட்டும் படுக்கையருகே இருக்கிறது. நுரையீரலைப் பார்க்க அது போதுமா? – வாசகி, தருமபுரி*

பதில்: பெரிதும் உதவும், ஆனால் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

நுரையீரலில் காற்று இருப்பதால் அல்ட்ராசவுண்ட் அங்கே பயன்படாது என்பதுதான் நீண்டகால நம்பிக்கையாக இருந்தது. பிரான்சின் டேனியல் லிக்டென்ஸ்டைன் போன்றவர்கள், காற்றும் நீரும் கலக்கும் விகிதத்துக்கு ஏற்பத் திரையில் தோன்றும் கோடுகளையே குறிகளாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நலமான நுரையீரலில் கிடைமட்டக் கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். நீர் கசியத் தொடங்கினால் மேலிருந்து கீழாக ஒளிக்கற்றைகள் இறங்கும். அவற்றை ‘பி கோடுகள்’ என்பார்கள். காற்று முற்றிலும் அற்றுப்போன பகுதி, கல்லீரலைப் போலத் திடமாகத் தெரியும். மார்பைப் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு இடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண் இட்டுக் கூட்டினால், 36க்கு எத்தனை என்று ஒரு மொத்தம் வரும். மொத்தத்தை மட்டும் குறித்து வைக்காமல், எந்த இடத்துக்கு எத்தனை என்பதையும் எழுதி வையுங்கள். முன்புறம் சுழியமும் முதுகுப்புறம் மூன்றுமாக இருப்பவரும், எல்லா இடத்திலும் ஒன்றும் இரண்டுமாக இருப்பவரும் ஏறத்தாழ ஒரே மொத்தத்தைப் பெறலாம். அவர்களுடைய நுரையீரல்கள் ஒன்றல்ல.

மல்லாந்திருக்கும் நோயாளியின் முதுகைப் பார்ப்பது சிரமம். பக்கவாட்டில், மெத்தைக்கும் உடலுக்கும் இடையே கருவியின் முனையை நுழைத்து எட்டும்வரை பார்க்க வேண்டும். புரட்டிய பிறகு முதுகு முழுவதும் கைக்கு எட்டும். சில மணி நேரம் கழித்து, முன்பு திடமாகத் தெரிந்த இடத்தில் கோடுகள் திரும்பினால், அங்கே காற்றுப்பைகள் திறந்துகொண்டிருக்கின்றன என்று கொள்ளலாம். கதிர்வீச்சு இல்லை என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. நுரையீரலின் வெளிப்பரப்பை எட்டாமல் உள்ளே ஆழத்தில் இருக்கும் பாதிப்பு இதில் தெரியாது. அளவுக்கு மீறி ஊதிப்போன பகுதியும் நலமான பகுதியும் ஒன்றுபோலவே தோன்றும். யாருக்குப் புரட்டினால் ஆக்சிஜன் உயரும் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலுமா என்று ஆராய்ந்த, 2016இல் வெளிவந்த இரண்டு சிறிய ஆய்வுகளில் ஒன்று, முன்புறக் கீழ்ப்பகுதி நலமாகத் தெரிந்தால் உயரும் வாய்ப்பு அதிகம் என்றது; மற்றொன்று, அப்படி முன்னறிய முடியவில்லை என்றது. எனவே ‘அல்ட்ராசவுண்டில் சரியாக வரவில்லை, அதனால் புரட்டவில்லை’ என்று ஒரு மருத்துவமனைக் குறிப்பில் எழுதப்படுவதை நான் ஏற்க மாட்டேன்.

உங்களைப் போன்றவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ருவாண்டாவின் தலைநகரான கிகாலியில் உள்ள ஒரு போதனா மருத்துவமனையில் நடந்த ஆய்வு, 2016இல் வெளியானது. பெர்லின் வரையறைப்படி ஒருவரை ஏ.ஆர்.டி.எஸ். நோயாளி என்று சொல்ல வென்டிலேட்டர், தமனி ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் ஆகியவை தேவைப்பட்டன. அவையெல்லாம் அரிதாகவே கிடைக்கும் அந்த மருத்துவமனையில் 1046 சேர்க்கைகளை ஆராய்ந்தபோது, அந்த வரையறைக்குள் ஒருவர்கூட வரவில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் அல்ட்ராசவுண்டையும் ஏற்றுக்கொண்டு பார்த்தபோது 42 பேர் தென்பட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் இறந்துபோயினர். வசதி இல்லாத இடத்தில் நோயே இல்லை என்று ஏட்டில் காட்டிய அந்த வரையறை பின்னர் திருத்தப்பட்டது. 2023இல் வெளியான உலகளாவிய புதிய வரையறை, பயிற்சி பெற்றவர் செய்யும் அல்ட்ராசவுண்டையும் ஆக்சிமீட்டர் அளவையும் சான்றாக ஏற்கிறது.

*கேள்வி: என் கணவரைப் புரட்டிய பிறகும் ஆக்சிஜன் அளவு உயரவில்லை. அடுத்து எடுத்த படத்திலும் மாற்றம் இல்லை என்றார்கள். ஆனாலும் மறுநாளும் புரட்டினார்கள். பயன் இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன்? – வாசகி, மதுரை*

பதில்: உங்கள் கணவரின் நிலையை அருகிலிருந்து பார்த்தவர்கள்தான் முழுமையாக விளக்க முடியும். ஆனால் அவர்கள் செய்ததற்கு வலுவான அடிப்படை இருக்கிறது. அதைச் சொல்லச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

நோயாளியைப் புரட்டினால் ஆக்சிஜன் உயர்வதை 1976ஆம் ஆண்டிலேயே ஐந்து நோயாளிகளிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன் வந்த பின், மிலான் குழுவினர் முதலில் எண்ணியது வேறு: முன்பகுதி நன்றாக இருப்பதால், குப்புறத் திருப்பினால் ரத்தம் அங்கே இறங்கிச் சேரும், ஆக்சிஜன் கூடும் என்று கணக்கிட்டார்கள். ஆக்சிஜன் கூடவும் செய்தது. ஆனால் குப்புறப் படுத்த நிலையிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, முதுகுப்புறத்தில் இருந்த வெளுப்பு சிறிது நேரத்திலேயே முன்புறத்துக்கு இடம் மாறியிருந்தது. கருதுகோள் பொய்த்தது, சிகிச்சையோ பலித்தது. மருத்துவத்தில் இப்படி நடப்பது அரிதல்ல.

ஆக்சிஜன் உயர்கிறது என்பதாலேயே உயிர் பிழைப்பார்கள் என்று அதன் பிறகு எதிர்பார்த்தார்கள். 2001இல் இத்தாலியில் 304 நோயாளிகளிடமும், 2004இல் பிரான்சில் 791 நோயாளிகளிடமும் செய்த ஆய்வுகளில் ஆக்சிஜன் உயர்ந்தது, இறப்பு குறையவில்லை. நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம்தான் குப்புற வைத்திருந்தார்கள். பாதிப்பு மிதமாக இருந்தவர்களும் அவற்றில் சேர்க்கப்பட்டிருந்தனர். லியோன் நகரத்து மருத்துவர் கிளாட் கெரானின் தலைமையில், பிரான்சில் 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஸ்பெயினில் ஒன்றிலும் 466 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ‘ப்ரோசீவா’ ஆய்வுதான் விடை தந்தது. விகிதம் 150க்குக் கீழே உள்ளவர்களை மட்டும் எடுத்து, ஒருமுறை புரட்டினால் குறைந்தது 16 மணி நேரம் அப்படியே வைத்தார்கள். 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் மல்லாந்திருந்தவர்களில் 32.8 சதவீதம், குப்புற வைக்கப்பட்டவர்களில் 16 சதவீதம். தீவிர சிகிச்சைத் துறையில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டிய ஆய்வுகள் மிகச் சிலவே.

உங்கள் கேள்விக்கான விடை அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. அதே ஆய்வின் தரவுகளை மீண்டும் அலசியபோது, புரட்டியதும் ஆக்சிஜன் உயர்ந்தவர்கள்தான் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. உயர்ந்ததற்கும் பிழைத்ததற்கும் தொடர்பே காணப்படவில்லை. அப்படியானால் உயிரைக் காத்தது எது? வென்டிலேட்டர் தள்ளும் காற்று ஒரே மூலையில் குவியாமல் பரவலாகச் செல்வதால், நுரையீரல் மேலும் புண்ணாவது குறைகிறது. இந்தப் பாதுகாப்பு ஆக்சிஜன் அளவில் உடனே தெரியாது. ஒரு நாள் இடைவெளியில் எடுத்த படத்திலும் தெரியாமல் போகலாம். அதனால்தான், முதல் முறை பலன் கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும் மீண்டும் புரட்டுகிறார்கள்.

படத்தை மட்டும் நம்பிச் சிகிச்சையை வகுப்பதில் உள்ள இடரையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிரான்சில் 20 மையங்களில் நடந்து 2019இல் வெளியான ‘லைவ்’ ஆய்வில், நோய் ஓரிடத்தில் குவிந்திருப்பவர், பரவியிருப்பவர் என்று படத்தைக் கொண்டு பிரித்து, முதல் வகையினருக்குக் குறைந்த ‘பீப்’ அழுத்தமும் குப்புறப் படுக்கையும், இரண்டாம் வகையினருக்கு அதிக அழுத்தமும் தரும் முறையை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் இறப்பு குறையவில்லை. பின்னர் படங்களை மறுபார்வை செய்தபோது, ஐந்தில் ஒருவர் தவறான வகையில் சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. தவறாக வகைப்படுத்தப்பட்டு, தங்கள் நுரையீரலுக்குப் பொருந்தாத சிகிச்சையைப் பெற்றவர்களிடையே இறப்பு அதிகம். சரியாக வகைப்படுத்தப்பட்டவர்களுக்குப் பயன் இருந்ததற்கான அறிகுறிகள் தென்பட்டன. ஆளுக்கேற்ற சிகிச்சை என்ற எண்ணம் தவறல்ல. படத்தைப் படிப்பதில் நேரும் பிழை, படமே எடுக்காததைவிடத் தீங்காகலாம் என்பதுதான் இதில் நான் காண்பது.

*கேள்வி: மார்பைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி, மூச்சுக்கு மூச்சு நுரையீரலைத் திரையில் காட்டும் கருவி ஒன்று இருப்பதாகப் படித்தேன். உண்மையா? – வாசகர், சென்னை*

பதில்: உண்மைதான். ‘ஈ.ஐ.டி.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அக்கருவியின் பட்டையில் 16 அல்லது 32 மின்முனைகள் இருக்கும். நோயாளி உணர முடியாத மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, காற்று நிறையும்போதும் வெளியேறும்போதும் மாறும் மின்தடையை நொடிக்குப் பல முறை படமாக்குகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1980களில் உருவான முறை இது. முன்புறத்துக்கு எத்தனை பங்கு காற்று, முதுகுப்புறத்துக்கு எத்தனை பங்கு என்பதைப் படுக்கையருகிலேயே, புரட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். அழுத்தத்தை ஏற்றி இறக்கி எங்கே ஊதுகிறது, எங்கே மூடுகிறது என்றும் பார்க்கலாம். பட்டை கட்டிய மட்டத்தை ஒட்டிய ஒரு துண்டைத்தான் அது காட்டும். உறுப்புகளின் வடிவம் சி.டி. ஸ்கேன் போலத் துல்லியமாக வராது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்குப் பயன்படுத்துவதில்லை.

*கேள்வி: கொரோனா காலத்தில் வீட்டிலேயே குப்புறப் படுக்கச் சொன்னார்கள். இப்போதும் மூச்சு வாங்கினால் அப்படிப் படுத்துப் பார்க்கலாமா? நுரையீரல் ஸ்கேனில் பாதிப்பு இருந்தால்தான் பயனா? – வாசகர், புதுச்சேரி*

பதில்: 2021 ஏப்ரலில் இந்திய சுகாதார அமைச்சகம், வீட்டில் இருக்கும் கொரோனா நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினால் குப்புறப் படுக்குமாறு கூறும் விளக்கக் குறிப்பை வெளியிட்டது. படுக்கைகளுக்கும் ஆக்சிஜனுக்கும் தட்டுப்பாடு நிலவிய நாள்களில் அது தேவையான அறிவுரை. விழித்திருக்கும் கொரோனா நோயாளிகள் 1100க்கும் மேற்பட்டோரை ஆறு நாடுகளில் ஆராய்ந்து அதே ஆண்டு வெளியான முடிவுகளில், குப்புறப் படுத்தவர்களில் வென்டிலேட்டர் தேவைப்பட்டோ இறந்தோ போனவர்கள் 40 சதவீதம், மற்றவர்களில் 46 சதவீதம். இறப்பை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் தெளிவான வேறுபாடு இல்லை. அவர்கள் அனைவரும் மூக்குவழியாக அதிவேக ஆக்சிஜன் பெற்றுக்கொண்டு மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே இப்போது உங்களுக்குத் திடீரென்று மூச்சு வாங்கினால், படுத்துப் பார்ப்பது முதல் வேலை அல்ல. அது மாரடைப்பாகவோ, நுரையீரலில் ரத்தக்கட்டியாகவோ, ஆஸ்துமாவாகவோ இருக்கலாம். அவற்றுக்குக் குப்புறப் படுக்கை மருந்தல்ல, சிலவற்றில் நிலைமை மோசமாகவும் கூடும். ஆக்சிமீட்டர் இருந்தால் அளவைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஸ்கேன் தேவையா, எப்படிப் படுக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கே உங்களைப் பரிசோதித்த பிறகு மருத்துவர் சொல்வார்.